வட்டம், கட்டம், இரட்டைக் கோடு

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவரைக்கூட மக்கள் மன்னித்துவிடுவார்கள், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?" என்று கேட்கிறவரை மன்னிக்கவே மாட்டார்கள். நான் அப்படிக் கேட்டுச் சம்பளம் வாங்கியவள். தில்லியில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி. அதில் பரம்பரை வியாதிகளைப் பார்க்கும் பிரிவு. எழுபதுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் அங்கே எனக்கு சோஷியல் ஒர்க்கர் என்று பெயர். பெயர்தான் பெரிசு. வேலை என்னவோ பென்சிலும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு படம் போடுவது. ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம். வியாதி இருந்தால் அதைக் கறுப்பாக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டியை ஒரு கோடு சேர்க்கும். கல்யாணத்துக்கு முன்பே இருவரும் உறவு என்றால் இரண்டு கோடு.

காலையிலிருந்து வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, கடைசியில் அந்தக் கேள்விக்கு "அப்படி யாருக்கும் இல்லீங்களே" என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்தவர்கள் உங்களில் எத்தனை பேரோ. பயப்பட வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான். என் மாமியார் வீட்டுச் சர்க்கரை வியாதியை நானே ரொம்ப வருஷம் எந்தப் பாரத்திலும் எழுதியதில்லை.

அண்ணனைக் கட்டியவள்

வேலையில் சேர்ந்த முதல் வாரம். எங்கள் பிரிவு நர்ஸ் கம்லேஷ் பஞ்சாபிக்காரி, வாய் ஓயாதவள். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, உன் கல்யாணம் காதலா, பெரியவர்கள் பார்த்ததா என்று கேட்டாள். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, என் மாமா மகன்தான் என்று இந்தியில் சொன்னேன். பராட்டாவைப் பிய்த்த கை அப்படியே நின்றது. அவர்கள் பக்கத்தில் மாமா மகன் என்றால் அண்ணன், வருஷா வருஷம் ராக்கி கட்டவேண்டிய கை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சித்தப்பா மகன்தான் அண்ணன், மாமா மகன் அத்தான் என்று நான் விளக்கியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. சாயங்காலத்துக்குள் மதராசி மேடம் சொந்த அண்ணனைக் கட்டியிருக்கிறாள் என்று ஓ.பி. முழுக்கத் தெரிந்துபோயிற்று.

ஒளிந்துகொள்வது என் சுபாவத்தில் இல்லை. மறுநாள் என்னைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வந்த என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, ஒவ்வொரு மேஜையாக அறிமுகம் செய்துவைத்தேன். ஒன்றும் புரியாமல் அவரும் எல்லோருக்கும் கும்பிடு போட்டார். கம்லேஷ் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் இந்தியில் சொன்னாள்: "நாங்க மாமா வீட்டுக்கு லீவுக்குத்தான் போவோம், நீ ஒரேயடியா போயிட்டே."

ரத்தம் வேறு, முறை வேறு

எங்கள் தலைவர் டாக்டர் மல்ஹோத்ராவுக்கு ஒரு சந்தேகம். சொந்தத்தில் கல்யாணம் தென்னாட்டில்தான் அதிகம் என்று புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன, ஆனால் நம் பிரிவின் தமிழர் பைல் ஒன்றில்கூட இரட்டைக் கோடு இல்லையே, ஏன்? காரணம் எனக்கு ஒரு தம்பதியிடமிருந்து கிடைத்தது. கலியன் கள்ளக்குறிச்சிப் பக்கம், தில்லியில் சர்க்கார் தோட்டத்தில் மாலி, அதாவது தோட்டக்காரன். பெண்டாட்டி அஞ்சலை ஜங்புராவில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். குடியிருப்பு மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதி. பதினாலு வயது மகன் செல்வத்துக்குக் கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, வாயோரம் எச்சில் ஒழுகுகிறது என்று கூட்டிவந்திருந்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் பாரத்தில் அச்சடித்திருந்தபடியே இந்தியில், உங்கள் இருவருக்கும் ரத்த சம்பந்தம் உண்டா என்று கேட்டார். இருவரும் ஒன்றாகத் தலையாட்டி இல்லை என்றார்கள்.

நான் தமிழில், "அஞ்சலை உனக்கு முறைப்பொண்ணாப்பா?" என்று கேட்டேன். கலியனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம், சொந்த மாமன் மகள், தொட்டிலில் கிடந்தபோதே எனக்கென்று சொல்லிவைத்தது என்றான். அப்புறம் ஏனப்பா டாக்டரிடம் இல்லை என்றாய் என்றேன். விவரம் தெரியாத பொம்பளையாக இருக்கிறாளே என்று என்னைப் பார்த்தான். "ரத்த சம்பந்தம்னா பங்காளி வகைம்மா, மாமன் பொண்ணு எப்பிடிம்மா ரத்தம் ஆவா?"

செம்பு

செல்வத்தின் கருவிழியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் இருந்தது. கண் டாக்டர் விளக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னார். அபூர்வமான வியாதி. நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் துளித்துளி தாமிரம் இருக்கிறது. நமக்கெல்லாம் மிஞ்சியதை ஈரல் வெளியே தள்ளிவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு மிஞ்சியது வெளியேறுகிற கதவு திறக்காது. அது ஈரலில் சேரும், மூளையில் சேரும், கண்ணிலும் வளையமாகச் சேரும். டாக்டர் மல்ஹோத்ரா இதை நிதானமாக விளக்கிவிட்டு, தமிழில் சொல்லு என்று என்னைப் பார்த்தார்.

"உங்க பையன் உடம்புல செம்பு சேர்ந்துபோச்சு" என்றேன். பெரிய மொழிபெயர்ப்பாளர் என்று என்மேலேயே எனக்கு ஒரு நினைப்பு. தாமிரத்துக்கும் செம்புதான், தண்ணீர் மொள்ளுகிற பாத்திரத்துக்கும் செம்புதான் என்பது வாயைவிட்டுப் போனபிறகுதான் உறைத்தது. அஞ்சலை திகைத்துப்போய் மகனின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சொம்பை எப்பிடிக்கா முழுங்குவான், எங்க வூட்ல இருக்கறதே ரெண்டு, ரெண்டும் எவர்சில்வரு, காலைலகூட பாத்தேன்."

ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு

வியாதி எப்போது ஆரம்பித்தது என்று பெற்றவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொன்னவர் செல்வத்தின் தமிழ் வாத்தியார். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே பஸ் பிடித்து வந்தார், கையில் இரண்டு பழைய நோட்டு. ஆறாம் வகுப்பு நோட்டில் எழுத்து அச்சில் வார்த்தது. எட்டாம் வகுப்பு நோட்டில் அதே கை எழுதியது எறும்பு மையில் விழுந்து ஊர்ந்ததுபோல இருந்தது. டாக்டர் அந்த நோட்டுகளை மாணவர்களுக்குக் காட்டி ஒரு மணி நேரம் பேசினார்.

வாத்தியார் நான் குடும்பப் படம் போடுவதைப் பார்த்தபடி பெஞ்சு ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுத்து திரும்ப வருமா என்று கேட்டார். மருந்து கொடுத்தால் கொஞ்சம் வரலாம், சத்தியம் செய்ய முடியாது என்றேன். நோட்டுகளை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "சோம்பேறின்னு அவன் முட்டியில அடிச்சேன் மேடம், அதையும் அந்தப் படத்துல எங்கயாவது எழுதிக்குங்க."

யார் வீட்டு ரத்தம்

அடுத்த தடவை வந்தபோது கலியன் ஒரு முடிவோடு வந்திருந்தான். இது அஞ்சலை வீட்டிலிருந்து வந்த வியாதி, எங்கள் வீட்டில் இப்படி யாரும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றான். அஞ்சலையின் கன்னம் வீங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் பென்சில் முனை உடைந்தது. வேறு பென்சில் எடுத்து, காகிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்து, உன் அம்மா யாரப்பா என்றேன். சொன்னான். அஞ்சலையின் அப்பா யார்? அம்மாவோட கூடப்பிறந்த அண்ணன் என்றான். அந்த இருவரையும் பெற்றவர்கள்? தாத்தனும் பாட்டியும். எழுதினேன். அவள் வீடு என்று அவன் சொன்ன வீடும் அவன் வீடும் ஒரே வட்டத்தில், ஒரே கட்டத்தில் போய் முட்டி நின்றன.

பிறகு நான் எல்லோருக்கும் சொல்கிற கதையைச் சொன்னேன். தாமிரத்தை வெளியே விடுகிற அந்தக் கதவுக்கு ஒவ்வொருத்தர் கையிலும் இரண்டு சாவி உண்டு, அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. ஒன்று உடைந்திருந்தாலும் மற்றது திறந்துவிடும், ஆகவே உனக்கும் ஒன்றுமில்லை, அஞ்சலைக்கும் ஒன்றுமில்லை. தாத்தனோ பாட்டியோ வைத்திருந்த ஒரு உடைந்த சாவி இரண்டு பக்கமாகவும் இறங்கி உங்கள் இருவரிடமும் வந்திருக்கிறது. இருவரும் கொடுத்தது உடைந்த சாவியாகப் போன பிள்ளைக்கு வியாதி. நாலில் ஒரு பங்கு அதற்கு வாய்ப்பு, ஒவ்வொரு பிரசவத்திலும் நீயும் அவளும் புதிதாக ஆளுக்கொரு பூவா தலையா. ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, யார் குற்றமும் கிடையாது. அஞ்சலை படத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத்தினி நாளு என்னை அடிச்சான், இனிமே தாத்தனைத்தான் தோண்டியெடுத்து அடிக்கணும்."

கேள்விக்குறி

செல்வத்துக்கு ஒரு தங்கை, செவந்தி, பதினோரு வயது. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாத பெண். அவளை உடனே கூட்டிவா என்றார் டாக்டர் மல்ஹோத்ரா. இந்த வியாதியில் ஒரே நல்ல சமாசாரம் அதுதான். கை நடுங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் மாத்திரை போட்டுக்கொண்டே ஆயுசு முழுக்க நன்றாக இருக்கலாம். நடுங்க ஆரம்பித்த பிறகு வந்தால் போனதெல்லாம் திரும்பாது. செவந்தியின் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

அடுத்த வாரம் என்றான் கலியன். அடுத்த வாரம் செல்வம் மட்டும் வந்தான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. தேர்வு, காய்ச்சல், ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று நாளுக்கொரு சாக்கு. கடைசியில் அவனைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். செவந்தியை அஞ்சலையின் தம்பிக்கென்று ஊரில் பேசி வைத்திருந்தார்கள். தாய்மாமனுக்கு அக்கா மகள், மறுபடியும் இரட்டைக் கோடு. "பொண்ணு பேரை அந்த நோட்டுல ஏத்தாதீங்கம்மா, ஏத்திட்டா அப்பறம் அவ மாமனே கட்டமாட்டான்."

ஏழு கோத்திரம்

இதற்கிடையில் கரோல் பாக்கிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் தம் மகளைக் கூட்டிவந்தார். அதே நடுக்கம், கண்ணில் அதே வளையம். படம் போட உட்கார்ந்ததுமே, எங்களில் அப்பா வழி, அம்மா வழி, பாட்டி வழி என்று ஏழு கோத்திரத்தையும் தள்ளித்தான் பெண் எடுப்போம், உங்களைப்போல இல்லை என்று எனக்குப் பாடம் நடத்தினார். ஒற்றைக் கோடுதான் போட்டேன். அதன் கீழே வட்டத்தைக் கறுப்பாக்கினேன். உடைந்த சாவி எந்த ஜாதியிலும் யார் மடியிலும் இருக்கலாம், சம்பந்தமே இல்லாத இருவரிடமும் ஒரே மாதிரி இருந்துவிட்டால் இப்படித்தான், உறவில் கட்டினால் அது தேடாமலே அகப்படும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். அவர் நம்பவில்லை. படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு என்னிடம் நியாயம் கேட்டார்: "மதராசிகளுக்கு வர வேண்டியது எங்க வீட்டுக்கு எப்படி மேடம் வழி கண்டுபிடிச்சுது?"

சென்ட் பாட்டில்

மருந்து அப்போது தில்லிக் கடைகளில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு இருந்தது. மேற்கொண்டு கேட்டு நான் எழுதாத ஆபீஸ் இல்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று எல்லோரும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அஞ்சலை என்னிடம் மருந்தின் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிப் போனாள். அவள் வேலை செய்கிற வீடுகளில் ஒரு வீட்டுக்காரர் மாதம் தவறாமல் வெளிநாடு போய்வருகிறவர். அந்த வீட்டம்மாள் காகிதத்தைப் பார்த்துவிட்டு, மருந்தெல்லாம் கொண்டுவருவது தொந்தரவு என்று இழுத்திருக்கிறாள். அஞ்சலை தரை துடைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றாளாம். மாத்திரை வந்து சேர்ந்த பிறகு, தனக்குத் தெரிந்த இந்தியில் என்ன கேட்டாள் என்பதை எனக்குத் தமிழில் சொன்னாள்: "சென்ட் பாட்டிலு ஒடையாம கொண்டாறத் தெரியுதில்ல, மாத்திரை என்னா ஒடைஞ்சா போயிடும்?"

நோட்டுப் புத்தகத்தோடு போனால்

செவந்தி வராததால் நானே போனேன். ஜங்புராவில் பஸ்ஸை விட்டு இறங்கி, நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரமாக நடந்து மதராசி கேம்ப்பில் நுழைந்தேன். கையில் நோட்டு, காதில் பென்சில். வழி கேட்கிற சாக்கில் முதல் குடிசையில், இந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பழக்கதோஷத்தில் கேட்டுத் தொலைத்தேன். திரும்பிப் பார்த்தால் சந்தில் ஒரு ஆண்பிள்ளை இல்லை. பீடி மட்டும் புகைந்துகொண்டு கிடந்தது. எமர்ஜென்சி முடிந்துவிட்டது என்று நமக்குத் தெரியும். நோட்டோடு வந்து பிள்ளைகளை எண்ணிவிட்டு, அப்பன்களை நஸ்பந்திக்கு, அதாவது கருத்தடை ஆபரேஷனுக்கு, லாரியில் அள்ளிப்போனதைப் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுமா? அடிகுழாயில் துணி அலசிக்கொண்டிருந்த ஒருத்தியிடம், கலியன் வீடு எதம்மா, ஆண்கள் யாரையும் காணோமே என்றேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "இந்தக் கேம்ப்புல ஆம்பளையே கெடையாதும்மா, நாங்க சும்மாத்தான் புள்ள பெத்துக்கறோம்."

இரண்டு குடம்

கலியனும் ஓடியவர்களில் ஒருவன். அஞ்சலை மட்டும் இருந்தாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே செவந்தி இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் இறக்கினாள். பார் என்று அஞ்சலை பெருமையாகக் கண்ணைக் காட்டினாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த ஆறாம் வகுப்பு நோட்டு ஞாபகம் வந்தது. செல்வமும் இவள் வயதில் அச்சில் வார்த்த மாதிரி எழுதினவன்தானே, இவள் கை நடுங்கட்டும் என்றா காத்திருக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அஞ்சலைக்கு முகம் சிவந்தது. அந்த வேலையில் என்னை யாரும் இப்படித் திட்டினதில்லை, எனக்கு அது வேண்டியதுதான். "இவளுக்கு ஒண்ணும் இல்லேன்னு நெனச்சிக்கிட்டுத்தான் சோறு எறங்குது, அதையும் புடுங்கிக்கினு போவத்தான் பஸ்ஸேறி வந்தீங்களா?"

ஒரு நாள் வாத்தியார்

டாக்டர் மல்ஹோத்ரா மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். கலியன் குடும்பத்தின் படம் பலகையில் பெரிதாக இருந்தது. நான் சுண்ணக்கட்டி எடுத்துக்கொடுக்க ஓரமாக நின்றேன். இரட்டைக் கோட்டைச் சுட்டிக்காட்டி, தென்னாட்டில் மாமாவையே கட்டிக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதும் வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்தார். சார், என் வீட்டுப் படத்திலும் இரட்டைக் கோடுதான் என்றேன். சிரிப்பு நின்றது. ஆரம்பித்தபின் என்னால் நிறுத்த முடியவில்லை. உங்கள் பெண் முன்பின் தெரியாத வீட்டுக்கு முக்காடு போட்டுக்கொண்டு போகிறாள், எங்கள் பெண்ணைத் தொட்டிலில் ஆட்டிய கைதான் மாமியாராக வருகிறது, அதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது என்றேன். அதிலும் அடி உதை உண்டு, வியாதியும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டாவது கோடு சிரிப்பதற்காகப் போட்டதில்லை, அதன் கீழே இருக்கிற மற்றப் பிள்ளைகளையும் ஜல்தியாகக் கூட்டிவந்து பாருங்கள் என்பதற்காகப் போட்டது, அதோ கேள்விக்குறியோடு ஒரு பெண் நிற்கிறாள் என்றேன்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் சுண்ணக்கட்டியை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு முன்பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இது: "மிச்சத்தை நீங்களே சொல்லுங்கள் மிஸஸ் சரோஜா, எனக்குக் கட்டங்கள் மட்டும்தான் தெரியும்."

ஒற்றைக் கோடு

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், வரிசையில் முதல் ஆளாக அஞ்சலை நின்றாள். பக்கத்தில் செவந்தி, தலைவாரிப் பூ வைத்து, திருவிழாவுக்குப் போகிறவள்போல. நான் போய்விட்டு வந்த நாளிலிருந்து அஞ்சலை மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சோறு அள்ளும்போது பார்ப்பாள், கோலம் போடும்போது பார்ப்பாள். முந்தாநாள் சேற்றில் கால் வழுக்கிச் செவந்தி குடத்தைப் போட்டுவிட்டாள். வழுக்கல்தான், வேறொன்றுமில்லை. ஆனால் குடம் விழுந்த சத்தத்தில் தனக்கு உயிரே நின்றுவிட்டது, இப்படித் தினமும் செத்துப் பிழைக்க முடியாது என்றாள்.

தம்பிக்குப் பெண் இல்லை என்று ஊருக்குக் கடிதாசி எழுதச் சொல்லிப் போட்டாயிற்று. கலியன் குதித்திருக்கிறான். உறவுல கட்டிக்கிட்டு நான் பெத்தது போதும், அவளும் பெக்க வேண்டாம் என்றிருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் அந்தப் பழைய படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கேள்விக்குறி போட்ட வட்டத்தைத் தானே கண்டுபிடித்து விரலை வைத்தாள். "எழுதிக்கங்கக்கா, இவ பக்கத்துல எப்ப கோடு போட்டாலும் ஒத்தக் கோடாத்தான் போடணும்."

பொட்டு

கண்ணில் வளையம் இல்லை. ஆனால் ரத்தமும் மூத்திரமும் வேறு சொல்லின. செவந்திக்கும் இருந்தது. நல்ல நேரத்தில் பிடித்துவிட்டோம் என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் கேள்விக்குறியை ரப்பரால் அழித்துவிட்டு வட்டத்தைக் கறுப்பாக்க உட்கார்ந்தபோது, கூராக இருந்த பென்சிலையே மறுபடியும் சீவினேன். அஞ்சலை அழவில்லை. அவள் அழாததால் நானும் அழவில்லை. முழுக்க அழுத்தித் தீட்டினேன். அரைகுறையாக விட்டால் பின்னால் வருகிற டாக்டர் தப்பாகப் படித்துவிடுவாரே.

செவந்தி மேஜைமேல் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள். இது யார், அது யார் என்று கேட்டாள். கறுப்புக் கட்டம் உன் அண்ணன், இது நீ என்றேன். அண்ணனைப்போலத் தனக்கும் தினம் மாத்திரை உண்டா என்றாள். உண்டு, நீ கிழவியாகிற வரைக்கும் உண்டு என்றேன். பிறகு படத்திலிருந்த மற்ற வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு சொன்னாள்: "இத்தினி பேருல எனக்கு மட்டும்தான் பொட்டு வச்சிருக்கீங்க."

வக்கீலும் ஜட்ஜும்

சில வருஷம் போனபிறகு ஊரிலிருந்து என் நாத்தனாரின் கடிதம் வந்தது. எங்கள் மகள் உஷாவைத் தன் மகனுக்கு என்று கேட்டிருந்தாள். பையன் தங்கமானவன். வேண்டாம் என்று அன்றைய தபாலிலேயே பதில் எழுதிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு வருத்தம். நமக்கு என்ன வந்துவிட்டது சரோ, உஷாவுக்கு என்ன குறை என்றார். ஒன்றும் வரவில்லை அத்தான், வராதது நம் சாமர்த்தியமும் இல்லை, ஒரு தடவை பூ விழுந்ததற்காக மறுபடியும் காசைச் சுண்டவேண்டாம் என்றேன். டாக்டர் மல்ஹோத்ராவின் வகுப்பில் நான் போட்ட சண்டையைப் பல தடவை கேட்டவர் அவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஊருக்கு நீ வக்கீல், வீட்டுக்கு மட்டும் ஜட்ஜா?"

எங்க படம்

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் அஞ்சலை கல்யாணப் பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தாள். உறையில் என் பெயரை எழுதியிருந்தது செல்வம். எழுத்து கொஞ்சம் ஆடியது, ஆனால் படிக்கமுடிந்தது. பேச்சும் பாதி திரும்பியிருந்தது, தபால்காரர் தவிக்கிற விலாசங்களையெல்லாம் கேம்ப்பில் அவன்தான் படித்துச் சொல்கிறான் என்றாள். எட்டாம் வகுப்பு நோட்டை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். உறையை அதற்குள் வைத்தேன்.

செவந்திக்குக் கல்யாணம். ஓக்லாவில் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கை ஊசியில் நூல் கோக்கும், ஒரு நடுக்கம் கிடையாது. மாப்பிள்ளை சேலத்துப் பையன், உறவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் குடித்துவிட்டு மெதுவாக அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள், என் கேள்வி. பெண்ணின் அண்ணனுக்குக் கை நடுங்குகிறதே, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா? கலியன் தலையைக் குனிந்துகொண்டானாம். செவந்தி எழுந்துபோய் டிரங்குப் பெட்டியிலிருந்து, நான் முன்பு நகல் எடுத்துக் கொடுத்த படத்தைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் விரித்தாளாம். கறுப்பு வட்டத்தைக் காட்டி, இது நான், தினம் மாத்திரை சாப்பிடுகிறேன், கடைசிவரை சாப்பிடுவேன் என்றாளாம். அவர்கள் அன்றைக்கு எழுந்து போய்விட்டார்கள். பத்து நாள் கழித்து மாப்பிள்ளையே திரும்பி வந்தான், பள்ளி நோட்டுக் காகிதத்தில் தாத்தா பாட்டி முதல் எல்லோர் பெயரும் எழுதிக்கொண்டு. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் செவந்தி கேட்டுவிட்ட கேள்விக்குத்தான் அந்தப் பதில்: "எங்க குடும்பத்துப் படம் இதுதான், உங்க குடும்பத்துப் படம் எங்க?"

அந்த வாரமே என் மாமியார் வீட்டுச் சர்க்கரை வியாதியை முதல்முறையாக ஒரு பாரத்தில் உள்ளபடி எழுதிக் கொடுத்தேன், மாமியாரிடம் மட்டும் இதுவரை சொல்லவில்லை.